பதினொரு கிணறும் ஞானபாயும்

கிணற்றை முதலில் மோந்துதான் பார்ப்பார் ஞானபாய். கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, கண்ணை மூடி, தலையை உள்ளே நீட்டி ஒரு நீள மூச்சு இழுப்பார். பிறகுதான் கண் திறக்கும். சுவரில் பாசி எந்தப் பக்கம் அதிகம், தண்ணீர் போன தடவையைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது, துணி துவைக்கிற கல் எத்தனை எட்டில் கிடக்கிறது என்று சுற்றிப் பார்ப்பார். அதன் பின் அந்த வீட்டுப் பெண்ணிடம் திரும்பிக் கேட்கிற முதல் கேள்வி எங்கும் ஒன்றுதான். "கடைசியா எப்பம் எறச்சிய?"

கிணற்றை இறைத்துத் தூர் வாரி எத்தனை நாளாயிற்று என்று அர்த்தம். அடுத்த கேள்வி, மழை பெய்தால் எத்தனையாம் நாள் நிறம் மாறும் என்பது. மூன்றாவது, வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லையா என்பது. இந்த மூன்றையும் கேட்கச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

அரசாங்கத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு உள்ள வேலை குப்பி கொண்டுபோய் நிறைத்துக்கொண்டு வருவது, அவ்வளவுதான். சொந்த ஊர் குழித்துறைப் பக்கம். வயது நாற்பதை நெருங்குகிறது. திருவனந்தபுரத்தை ஒட்டிய நேமத்தில் வாடகை வீடு. காலை ஆறரைக்கு, பன்னிரண்டு குப்பிகள் அடுக்கிய மரப்பெட்டியோடு பஸ் ஏறுவார். பெட்டிக்குள் குப்பிகளைச் சுற்றி ஐஸ்கட்டியும் மரத்தூளும். பெட்டியை மடியில்தான் வைப்பார், காலடியில் வைக்க மாட்டார். கண்டக்டர்களுக்கு அந்தப் பெட்டி பழகிப்போன வேடிக்கை. "சேச்சி, இன்னு மீனா முட்டையா?" என்று திரும்புகையில் ஒருவர் தினமும் கேட்பார். "முட்டைன்னா நாலு நாள் இருக்கும். இது வெள்ளம், ஆறு மணிக்கூறுல கெட்டுப்போவும். வண்டிய எடுக்கச் சொல்லும்" என்பது ஞானபாயின் பதில். எடுத்த தண்ணீரை ஆறு மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும் என்பது விதி. அவர் நான்கைத் தாண்டவிட்டதில்லை.

குப்பி இறக்குகிற நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பயனில்லை. குப்பியின் அடியில் ஈயக் கட்டி, கழுத்தில் நூல். மூடியை அதன்மேல் கட்டிய தாளோடு சேர்த்துப் பிடித்து எடுப்பார், விரல் குப்பியின் வாயில் படாது. தண்ணீரைத் தொட்டதும் நூலைக் காதருகே கொண்டுபோவார். உள்ளே காற்றுக் குமிழி போகப் போக நூல் லேசாகத் துடிக்குமாம். துடிப்பு நின்றால் குப்பி நிறைந்தது என்று கணக்கு. நானும் ஒருமுறை பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஒங்களுக்குக் கை அவசரப்படுது" என்று வாங்கிக்கொண்டார்.

குப்பிகளைக் கூடத்தில் ஆவியில் வேகவைக்கும்போது ஒவ்வொன்றின் தலையையும் காக்கித் தாளால் மூடிக் கட்டியிருப்பார்கள். அந்தத் தாளில் பென்சிலால் கிணற்று எண்ணும் நேரமும் எழுத வேண்டும். ஞானபாய் அதோடு நிற்பதில்லை. கேட்டது, கண்டது எல்லாம் அந்தத் தாளில் ஏறும். 'மழைக்கு ரெண்டாம் நாள் நாற்றம் உண்டு என்கிறாள் மருமகள், இல்லை என்கிறாள் மாமியார்.' 'வாளி துரு.' 'வடக்கே புதுசாக எருக்குழி.' கூடத்தில் குப்பியைத் திறந்த பின் தாளைக் குப்பையில் போடுவதுதான் வழக்கம். அவர் அவற்றைத் தேதிவாரியாக நூலில் கோத்துச் சோதனைக் குழாய் அலமாரியின் மேல் வைத்திருப்பார். கூடத்தின் தலைமைப் பரிசோதகர் லீலாபாய் அதற்கு 'ஞானபாயின் கதைக்கட்டு' என்று பெயர் வைத்திருந்தார். லீலாபாய் எம்.எஸ்ஸி. படித்தவர், பாறசாலைக்காரர், கண்டிப்பானவர். திருவனந்தபுரத்து வழக்கப்படி பெண்ணானாலும் அவரும் 'சார்'தான்.

எங்கள் தெரு ஞானபாயை அறிந்துகொண்டது கரமனையில் மஞ்சள்காமாலை வந்த ஐப்பசியில். மேலக்கோடியிலிருந்து ஆற்றங்கரை வரை பதினொரு வீட்டுக் கிணறுகள். ஒரே மாதத்தில் ஆறு பேர் படுத்துவிட்டார்கள். சுகாதார அதிகாரி பதினொன்றையும் சோதிக்கச் சொல்லி எழுத, ஒரு காலை ஞானபாய் பெட்டியோடு கொல்லைச் சந்து வழியாக வந்து நின்றார்.

முதல் வீடு நாகேஸ்வரனுடையது. அவர் கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொல்லையில் ராஜ்யம் அவர் மனைவி பகவதி மாமியுடையது. நூல் கட்டிய குப்பி தன் கிணற்றுக்குள் இறங்குவதற்கு மாமி ஒப்பவில்லை. எந்தெந்தக் கிணற்றுக்குள்ளோ போய்வந்த குப்பி அது. "நீ அங்கயே நில்லு. நான் மொண்டு தரேன், ஏந்திக்கோ" என்றார். சர்க்காருக்குக் கொடுக்கிற ஜலம் ஆயிற்றே, சுத்தமாகக் கொடுக்க வேண்டாமா? ஐப்பசி மாதம் முழுக்க விடியலில் ஆற்றில் முழுகி ஒரு குடம் ஆற்று நீர் கொண்டுவந்து வைப்பது இந்தத் தெருவின் வழக்கம். மாமி அந்தப் புனித நீரை விட்டுப் பித்தளைச் செம்பை உள்ளும் புறமும் அலம்பி, அதன் பிறகே கிணற்று நீரை மொண்டு குப்பியில் ஊற்றினார். மதிலுக்கு அப்பால் நின்ற அடுத்த வீட்டு அம்மாள் அதைப் பார்த்தார். அவரும் அப்படியே செய்தார். ஒருவரைப் பார்த்து ஒருவராகப் பதினொரு வீட்டிலும் ஆற்று நீரில் அலம்பிய செம்பிலிருந்தே குப்பி நிறைந்தது. ஞானபாய் பார்த்துக்கொண்டு நின்றார். பதினொரு தாளிலும் அதை எழுதினார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சோதனைக் குழாய்கள் பதினொரு வரிசையிலும் நுரைத்துவிட்டன. மலக்கிருமி இருந்தால்தான் அப்படி நுரைக்கும். எண்ணிக்கையும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. லீலாபாய் அறிக்கை அனுப்பினார். பதினொரு கிணற்றையும் மணல் போட்டு மூட அதிகாரி உத்தரவிட்டார். ஆட்கள் வந்து கைப்பிடிச் சுவர்களில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் தெருமுனையில் லாரி மணலைக் கொட்டியது.

தெருவில் ஒரு குழாய் உண்டு. விடியலில் இரண்டு மணி நேரம் வரும், சில நாள் வராது. அது மட்டுமல்ல. குழாய்த் தண்ணீரில் பூஜைக்குச் சமைப்பது இங்கே பல வீடுகளில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். குழாயின் உள்ளே தோல் வளையம் இருக்கிறது, தோல் பட்டால் தீட்டு என்பார்கள். கிணறு போனால் தெருவில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளிடம் போய்விடுவது என்றுகூடப் பேச்சு எழுந்தது.

ஞானபாய்க்கு நுரைத்த சோதனைக் குழாய்களைக் கண்டதுமே சந்தேகம் தட்டியிருக்கிறது. பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். "பதினொண்ணு பேரு ஒரே மாதிரி சாட்சி பறஞ்சா, ஆரோ சொல்லிக் குடுத்திருக்குன்னுதான அர்த்தம்?" ஆனால் சந்தேகத்தை அன்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏழு வருஷம் தினக்கூலியாக இருந்தவர். நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த மாதம் தயாராகிக்கொண்டிருந்தது, அதில் அவர் பெயர் மூன்றாவது. குப்பியை நூலில் கட்டிக் கிணற்றுக்குள் தானே இறக்க வேண்டும், யார் கைப் பாத்திரத்திலிருந்தும் வாங்கக்கூடாது என்பது வேலையின் முதல் பாடம். அந்தப் பாடத்தைப் பதினொரு முறை மீறியிருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டால் பட்டியலில் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாள் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

மூன்றாம் நாள் பஸ்ஸிலிருந்து மணல் குவியலைப் பார்த்திருக்கிறார். கரமனையில் இறங்கிக் கொல்லைச் சந்துக்கு வந்தார். பகவதி மாமி வீட்டிலுள்ள அண்டா, உருளி, குடம், செம்பு எல்லாவற்றையும் வெளியில் எடுத்து வைத்து இறைத்து நிறைத்துக்கொண்டிருந்தார். கிணறு மூடிய பின் எத்தனை நாள் வருமோ என்ற கணக்கு. ஞானபாயைக் கண்டதும் கோபிக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே கேட்டார்.

"மூணு பிரசவமும் இந்த ஜலத்துலதான் ஆச்சு. ஒரு கொழந்தைக்கு வயத்து நோவுன்னு வந்ததில்லை. உன் குப்பிக்கு மட்டும் என்ன தெரிஞ்சுதுடியம்மா?"

ஞானபாய் வந்த வழியே திரும்பி, நடந்தே கூடத்துக்குப் போனார். பதினொரு காக்கித் தாள்களையும் அவிழ்த்து லீலாபாயின் மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"சாரே, நாம சோதிச்சது கெணத்து வெள்ளம் மட்டும் இல்ல. ஆத்து வெள்ளமும் சேந்ததாக்கும். நான் கண்டேன். கண்டுட்டும் வாய் தொறக்காம, மிண்டாம நின்னேன்."

லீலாபாய் பதினொரு தாளையும் ஒன்றுவிடாமல் படித்தாராம். "செம்புல கோரித் தந்தத வாங்கியிட்டு வந்தா அது செம்புக்க டெஸ்ட் ஞானபாய், கெணத்துக்கது இல்ல. ஏழு வருஷமா இதத்தான நான் பறயுதேன்? எதுக்கு மிண்டல்ல?"

"அவிய கொல்லக் கதவு தொறந்து உள்ள விட்டதே பெரிய காரியம்னு நெனச்சேன் சாரே."

லீலாபாய் அன்றே கரமனை ஆற்றில் ஒரு குப்பி எடுக்க வைத்தார். துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழையில் ஆறு செம்மண்ணும் சாக்கடையுமாகப் போய்க்கொண்டிருந்த சமயம். இரண்டு நாளில் அதன் குழாய்களும் அதே கணக்கில் நுரைத்தன. அதுவரை காத்திராமலே அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக அதிகாரிக்குக் கடிதம் போய்விட்டது. ஞானபாய்க்கு ஒரு மெமோ வந்தது. பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. மெமோவில் 'ஒன்பது கிணறுகள்' என்று தப்பாகத் தட்டச்சாகியிருந்தது. அதைப் பதினொன்று என்று திருத்தச் சொல்லி, திருத்தி வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

மறுசோதனைக்கு லீலாபாயும் கூட வந்தார். பகவதி மாமி கைப்பிடிச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, குப்பி உள்ளே போகக்கூடாது என்றார். லீலாபாய் கிருமி, தொற்று என்று விளக்க ஆரம்பித்ததை மாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞானபாய் விளக்கவில்லை. பெட்டியைத் திறந்து, காக்கித் தாள் கட்டிய குப்பி ஒன்றை எடுத்து மாமியின் கண்ணெதிரே பிடித்தார்.

"மாமி, இத மண்ணெண்ணெ அடுப்புல அடச்சு வச்சு ஆவியில அவிச்சாச்சு. அரை மணிக்கூறு. அதுக்குப் பொறவு இதுக்க வாயில ஒரு மனுசனுக்க கை பட்டதில்ல. எனக்க கையும் பட்டதில்ல. இந்தத் தாள அவுத்தா வெள்ளத்த மட்டும்தான் தொடும். வேற எதையும் தொட்டுதுன்னா நான் தூர எறிஞ்சுருவேன்."

"வேற கெணத்துக்குள்ள போனதில்லையா?"

"ஒரு கெணத்துக்கு ஒரு குப்பி. மாத்தவே மாட்டோம்."

மாமி குப்பியை உற்றுப் பார்த்தார். கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, அதைத் தொடாமலே சுற்றிவந்து பார்த்தார். பிறகு வழியை விட்டு விலகினார்.

"இதை முன்னாடியே சொல்லப்படாதோ? இது மடின்னா."

அன்றைக்கு ஞானபாய்க்கு முன்னால் பத்து வீட்டுக்கும் நடந்தவர் பகவதி மாமிதான். ஒவ்வொரு கொல்லைக் கதவிலும் நின்று, "எட்டி நில்லுங்கோ, யாரும் தொடாதேங்கோ, அது மடிக் குப்பியாக்கும்" என்று உத்தரவு போட்டுக்கொண்டே போனார். குப்பியின் பக்கத்தில் தும்மிய ஒரு மருமகளுக்குக் கிடைத்த ஏச்சு மேலக்கோடியில் எனக்குக் கேட்டது. அப்படி ஒரு சுத்தமான மாதிரி எடுப்பைத் தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை என்று லீலாபாய் பின்னால் சொன்னார்.

ஒன்பது கிணறுகள் தேறின. இரண்டு தேறவில்லை. கீழ்க்கோடியில் அடுத்தடுத்து இருந்த இரண்டு வீடுகள் அவை. ஞானபாய் இப்போது தாள்களைத் தானே புரட்டிக் காட்டினார். படுத்த ஆறு பேரில் நான்கு பேர் அந்த இரண்டு வீட்டுக்காரர்கள். மற்ற இருவர் அங்கே நடந்த ஒரு பஜனையில் பானகம் குடித்தவர்கள். அந்த இரண்டு கிணறுகளில் மட்டும் மழைக்கு இரண்டாம் நாள் வாடை அடிக்கிறது என்று மூன்று பெண்கள், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், சொல்லியிருந்தார்கள்.

கிருமி எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. ஞானபாய் இசக்கியைத் தேடிப் பிடித்தார். சங்கரன்கோவில் பக்கத்து ஆளான இசக்கி சித்திரை தோறும் இந்தத் தெருவின் எல்லாக் கிணறுகளிலும் இறங்கித் தூர் வாருகிறவர்.

"கீழச் செவுத்துல ஒரு பொந்து இருக்குக்கா. மத்த ஊத்தெல்லாம் சில்லுனு வரும். அது மட்டும் வெதுவெதுன்னு கால்ல படும். பக்கத்துக் கெணத்துலயும் அதே ஒசரத்துல ஒண்ணு. முந்தி கெடையாது, இப்ப ரெண்டு வருசமாத்தான்."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "கேட்டாத்தானக்கா சொல்லுவோம்? மேல ஏறுனதும் சகதியோட நிக்காதன்னு வெரட்டுவாவ" என்று சிரித்தார் இசக்கி.

கிழக்குப் பக்கம் என்றதும் நாகேஸ்வரனுக்கு ஒன்று நினைவு வந்தது. அவருடைய சின்ன வயதில் கொல்லைகளுக்குப் பின்னால் வயலுக்குப் போகிற வாய்க்கால் ஒன்று இருந்தது. பிறகு அதைத் தூர்த்து மேலே வீடு கட்டிவிட்டார்கள். இரண்டு வருஷமாக அதன் தலைமாட்டில் ஒரு லாட்ஜ் நடக்கிறது. அதன் கக்கூஸ் குழி அந்தப் பழைய வாய்க்காலின் மேலேயே இருக்கிறதோ என்னவோ.

லீலாபாய் அந்தக் குழியில் பச்சைச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றச் செய்தார். வழக்கமாக ஒரு நாள் பார்ப்பார்களாம், கிணற்றில் நிறம் வராவிட்டால் தொடர்பு இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஒரு நாள் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் வரைக்கும் இருக்க வேண்டும் என்றார் ஞானபாய். மழைக்கு இரண்டாம் நாள் வாடை வருகிறதென்றால் இதுவும் இரண்டாம் நாள்தானே வரும்? லீலாபாய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு இரண்டு கிணறுகளிலும் தண்ணீர் பசேல் என்று ஏறியது. தெருவே திரண்டு வந்து எட்டிப் பார்த்தது.

அதிகாரி தெருவுக்கு நேரில் வந்தார். ஒன்பது கிணறுகள் அப்படியே இருக்கட்டும். இரண்டைப் பலகை போட்டு மூடி, லாட்ஜ் குழியை மாற்றிய பிறகு மறுபடி சோதிக்கலாம் என்று முடிவாயிற்று. மணலை வந்த லாரியே அள்ளிக்கொண்டு போனது. இரண்டு கிணறுகளும் அடுத்த மேடத்தில், அதாவது சித்திரையில், தேறிவிட்டன. ஞானபாய் நிரந்தரமாவதற்கு இன்னொரு பட்டியல் வர வேண்டியிருந்தது. அது பதினாறு மாதம் கழித்து வந்தது. அந்தப் பதினாறு மாதமும் அவர் முகத்தைச் சுருக்கி நான் பார்த்ததில்லை. கேட்டால், "செய்யாத குத்தமா? செஞ்சதுதான" என்பார். மெமோவை வேதப்புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார். தொலைந்துபோனால் ஆபீசில் கேட்பார்கள் என்பது காரணம்.

நகரத்தின் மற்ற வட்டங்களிலும் இனிமேல் குப்பியோடு ஜனங்கள் சொல்வதையும் எழுதி வாங்க வேண்டும் என்று அதிகாரி உத்தரவிட்டார். போன வாரம்தான் அதற்கான அச்சடித்த தாள்கள் நூறு கூடத்துக்கு வந்தன. ஏதோ விசாரிக்கப் போன நான் அப்போது அங்கே இருந்தேன். ஞானபாய் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். கிணற்று எண், ஆழம், நேரம், எடுத்தவர் பெயர். கடைசியில் 'வீட்டார் கூறுவது' என்று ஒரு கட்டம். அதற்குள் இரண்டே இரண்டு கோடுகள்.

கொஞ்ச நேரம் அந்த இரண்டு கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைப் புரட்டி, வெறுமையாக இருந்த முதுகுப் பக்கத்தை மேஜையில் நீவி வைத்தார். லீலாபாயின் மேஜையிலிருந்து அடிக்கோல் ஒன்றை எடுத்துவந்தார். பென்சிலை ஒருமுறை சீவிக்கொண்டு, மேலேயிருந்து அடிவரை கோடு போட ஆரம்பித்தார். முடிந்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்.